சோலைக்காடும் புல்வெளியும்: சென்னையிலிருந்து நீலகிரிக்கு இரண்டு நாள் நடை, முழு வழிகாட்டி

நீலகிரிக்குப் போகும் சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு, பூங்காவில் நாலு படம், தேயிலைத் தோட்டத்தோரம் ஒரு டீ என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஏரி வெட்டியது, பூங்கா போட்டது, தேயிலை நட்டது. அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த மலையில் இருப்பவை இரண்டு: பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக்காடு, அதைச் சுற்றி மேடெல்லாம் விரிந்து கிடக்கும் புல்வெளி. இவற்றைப் பார்க்க ஒரு வார இறுதி போதும். வெள்ளி இரவு ரயில், சனிக்கிழமை கோத்தகிரியில் சோலை, ஞாயிறு ஊட்டிப் பக்கம் புல்வெளி, திங்கள் காலை சென்னை. ஒரு நாளுக்கு ஓர் இடம்தான். அதற்கு மேல் ஓர் இடத்தைச் சேர்த்தால் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்

மலையின் முதுகில் புல், மடிப்பில் மரம். நீலகிரி, பழனி மலை, ஆனைமலை என எங்கே போனாலும் உயரத்தில் இதே அமைப்புதான். தண்ணீர் வழிந்து சேரும் பள்ளங்களில், காற்று அதிகம் அடிக்காத இடத்தில் சோலை நிற்கும். மரங்கள் சமவெளிக் காட்டு மரங்களைப்போல ஓங்கி வளர்வதில்லை. குட்டையாக, கிளை முறுக்கி, தலை உருண்டு நெருங்கி நிற்கும். எல்லை பளிச்சென்று தெரியும்: ஓரடி இந்தப் பக்கம் புல், ஓரடி அந்தப் பக்கம் இருட்டு. மரம் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானது உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திறந்த வெளியில் இரவு உறைபனி விழும்போது சோலை மரக் கன்றுகள் கருகிவிடுகின்றன. அதோடு தீயும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன.

புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்ததுதான் இந்த மலைக்கு நேர்ந்த பெரிய கேடு. 1840களில் தொடங்கி கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), பைன் எல்லாம் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் கூழுக்குக் கற்பூர மரம் என்று தோட்டங்கள் பெருகின. சீகை தானாகவே விதை போட்டுப் பரவும் மரம். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் வெட்டினாலும் போவதில்லை. புல்வெளியோ மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியதல்ல. பள்ளத்துச் சதுப்புகளின் கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்தபோது, இங்கே புல் பல்லாயிரம் ஆண்டுகளாகவே இருக்கிறது என்று தெரிந்தது. மேட்டில் பெய்யும் மழையைப் புல்லின் வேரும் கரிமண்ணும் பிடித்து வைத்துச் சோலைக்குக் கசியவிடுகின்றன. சோலை அதை ஓடையாக்குகிறது. பவானியும் பைக்காராவும் இப்படிப் பிறந்தவைதான். நடக்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், காலடியில் இருப்பது என்ன என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது போகலாம்

நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு ஒரு மழைக்காலம், கிழக்குப் பக்கத்துக்கு வேறு மழைக்காலம். அவலாஞ்சி, அப்பர் பவானி இருக்கும் மேற்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூர் இருக்கும் கிழக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை கனமாக இருக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகள் அப்படி வந்தவைதான். சென்னைக்குப் புயல் எச்சரிக்கை வரும் வாரத்தில் கோத்தகிரிச் சாலையையும் நம்பாதீர்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை வானம் தெளிவாக இருக்கும், புல் பழுப்பேறியிருக்கும், காலையில் உறைபனி கிடக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே சிறந்த காலம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம்; வனத்துறை மலையேற்றப் பாதைகளை வழக்கமாக மூடிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மூடலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். குறுக்கு வழி தேடாதீர்கள். மே மாதம் கூட்டம். ஜூன், ஜூலையில் கோத்தகிரிப் பக்கம் சாரலும் மஞ்சுமாக (மூடுபனியாக) இருக்கும், சோலை முழுக்கப் பாசி துளிர்த்துப் பச்சையாக இருக்கும். அட்டைக்கு அஞ்சாதவர்கள் அப்போது போகலாம்.

குறிஞ்சிக்காகப் போவதென்றால் ஒரு சொல். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006லும் 2018லும் பெருமளவில் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் எங்காவது ஒரு சரிவில் பூத்த செய்தி வரும். குறிஞ்சியில் இனங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

அனுமதி, பயணச்சீட்டு

வரிசை முக்கியம். முதலில் காட்டு அனுமதி, பிறகு ரயில், கடைசியாகத் தங்குமிடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மலைக்குப் போய் வனத்துறை வாசலில் நின்று திரும்புகிறார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில், அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்தி போன்றவை அதில் உண்டு. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பலரும் பழங்குடி இளைஞர்கள். முதல்முறைக்கு லாங்வுட் சோலையைத் தேர்ந்தெடுங்கள். முக்குருத்தியும் கோலாரிபெட்டாவும் கால் பழகியவர்களுக்கானவை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். வெள்ளி இரவுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கோவை வரை வேறு ரயில், அங்கிருந்து பேருந்து.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எல்லோரும் மலை ரயிலை நோக்கி ஓடுவார்கள். அழகான பயணம்தான்; 46 கி.மீ., பற்சக்கரத் தண்டவாளம், 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும், காட்டுக்குரிய காலைப் பொழுது அதிலேயே போய்விடும். இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம். பேருந்து நிலையம் போய்க் கோத்தகிரிப் பேருந்து ஏறுங்கள், 33 கி.மீ., ஒன்றரை மணி நேரம். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கோத்தகிரிச் சாலையில் அவ்வளவு இல்லை. வாந்தி வரும் குழந்தைகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால், 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள்: வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மலைக்கும் அதுவே நல்லது.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரி மாவட்டத்தில் தடை. குஞ்சப்பனை, பர்லியார் சோதனைச் சாவடிகளில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடலும் பையும்

கடல் மட்டத்து ஊரிலிருந்து ஒரே இரவில் 1,900 மீட்டருக்கும், மறுநாள் 2,200 மீட்டருக்கும் போகிறோம். இந்த உயரத்தில் மலைநோய் பொதுவாக வராது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், குளிரில் தாகம் தெரியாமலே உடல் வறண்டு தலை வலிக்கும். இரண்டு வாரம் முன்பே படி ஏறிப் பழகுங்கள். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் 500க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. நிற்காமல் ஏறி, பேசிக்கொண்டே இறங்க முடிந்தால் லாங்வுட் சோலை சுலபம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பரங்கிமலைப் படிகளை மூன்று நான்கு முறை ஏறி இறங்குவது போதும். புதுக் காலணியை இந்தப் படிகளிலேயே போட்டுப் பழக்குங்கள். காட்டில் முதன்முதலாகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் குதிகால் கொப்புளித்துவிடும்.

துணியில்தான் சென்னைக்காரர்கள் தவறுகிறார்கள். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நம் ஊர் வெயிலுக்குச் சரி. அங்கே ஏற்றத்தில் வியர்த்து பனியன் நனையும்; உச்சியில் நின்றதும் காற்று அடித்து, நனைந்த துணியே குளிரை உடம்புக்குள் ஏற்றும். உள்ளே சீக்கிரம் காயும் விளையாட்டுச் சட்டை, மேலே கம்பளியோ ஃப்ளீஸோ, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலுடை. ஏறும்போது நடு அடுக்கைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள். குடை புல்வெளிக் காற்றில் மடங்கிவிடும். பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ மழைக்கோட்டு வாங்குங்கள். நிறம் மண்ணும் இலையுமாக மங்கலாக இருக்கட்டும்.

ஓர் ஆளுக்கு அரை நாளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வீட்டுச் சப்பாத்தி, எல்லாம் மூடி இறுகிய டப்பாவில்; பொட்டலச் சத்தம் கேட்டால் குரங்கு வந்துவிடும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, அட்டை கடிக்காமல் காக்கும் காலுறை, டார்ச், விசில், கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. குளிரில் கைபேசி பேட்டரி வேகமாக இறங்கும், அதனால் பவர் பேங்கை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். வரைபடத்தை ரயிலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை: லாங்வுட் சோலை

கோத்தகிரி ஊரிலிருந்து சுமார் 3 கி.மீ.யில் இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, நடுவில் தப்பி நிற்கும் காடு. 2024 ஜனவரியில் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இந்தச் சோலையின் ஊற்றுத் தண்ணீரை நம்பிச் சுற்றிலும் பல ஊர்கள் இருக்கின்றன. உள்ளே ஓடையில் கால் கழுவுவது, சோப்புப் போடுவது கூடவே கூடாது என்பது அதனால்தான்.

நுழைந்ததும் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரியாது. மெல்லக் கண் பழகும்போது, அடிமரத்தைப் போர்த்தியிருக்கும் பாசி தெரியும். அதன் மேல் சிறு பெரணி, அதன் இடுக்கில் விரல்நீள ஆர்க்கிட், கிளையிலிருந்து நரைத்த தாடி போலத் தொங்கும் மரப்பாசி. ஒரே மரத்தில் இத்தனையும் இருக்கும். ஒரு மரத்தைத் தேர்ந்து, அடியிலிருந்து கண் எட்டும் உயரம் வரை ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு கீழே குனிந்து சருகை விரலால் லேசாக விலக்குங்கள்: மேலே காய்ந்த இலை, அடுத்து பாதி மக்கியது, அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, கடைசியில் கறுப்பு மண். தொட்டால் ஈரம் விரலில் ஒட்டும். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தாலும் ஈரம் இருக்கும். விலக்கிய சருகைத் திரும்ப மூடிவிடுங்கள்.

மரங்களில் நாவல் இனங்கள் நிறைய, காட்டுச் செண்பகமும் உண்டு. இளந்தளிர் சிவப்பாகவும் செம்பழுப்பாகவும் வரும்; தூரத்திலிருந்து பார்த்தால் சோலை பூத்திருப்பதாகத் தோன்றும். பறவைகளைக் காதால்தான் பிடிக்க வேண்டும். கூட்டமாகச் சிரிப்பதுபோல ஒலி எழுந்தால் நீலகிரிச் சிரிப்பான். கீழ்மட்டப் புதரில் ஆரஞ்சு நிறம் மின்னினால் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆள் அசையாமல் நின்றால் அது ஆறேழு அடி அருகில்கூட வந்து உட்காரும். பதிவு செய்த பறவைப் பாட்டைப் போட்டுப் பறவையை அழைக்கும் பழக்கம் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது எதிரியைத் தேடி அலைந்து களைத்துவிடுகிறது.

நடக்கும் முறை: வழிகாட்டி முன்னால், மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து, பழகியவர் கடைசியில். நான்கு முதல் ஆறு பேர் சரி. பத்தைத் தாண்டினால் பேச்சு அடங்காது, ஒன்றும் கண்ணில் படாது. ஈரமான வேர் மீது காலை வைக்காதீர்கள். வழுக்கி விழுபவர்களில் பலர் வேரில்தான் விழுகிறார்கள். வழுக்கினால் பக்கத்துச் செடியைப் பிடிக்கத் தோன்றும், அது காஞ்சொறியாக இருந்தால் கை மணிக்கணக்கில் எரியும். கையில் ஒரு கம்பு இருந்தால் இரண்டும் தவிரும்.

பிற்பகல் கோத்தகிரியில் ஓய்வு. கடைவீதியில் ஊட்டி வர்க்கி வாங்கி டீயில் நனைத்துச் சாப்பிடலாம், 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. இருட்டிய பின் தங்குமிடத்துக்கு நடந்து போவதைத் தவிருங்கள். கோத்தகிரித் தேயிலைக் காடுகளில் கரடி நடமாட்டம் அன்றாடம்.

ஞாயிறு: புல்வெளி

காலை 6 மணிக்குள் கிளம்பினால் தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து கூடலூர் செல்லும் பேருந்தில் ஏறி ஒன்பதாவது மைலில் இறங்குங்கள். சூட்டிங்மட்டம் என்பது அதுதான். வென்லாக் டவுன்ஸ் என்ற பழைய பெரும் புல்வெளியின் மிச்சம். கோல்ஃப் மைதானம், ஃபிலிம் தொழிற்சாலை, ஆட்டுப் பண்ணை, மரத்தோட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது போக எஞ்சிய பகுதி. முன்பதிவு வேண்டியதில்லை, வாசலில் சீட்டு வாங்கினால் போதும். 11 மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும், அதற்குள் நடந்து முடித்துவிடுங்கள்.

அவலாஞ்சி இன்னும் செழிப்பான இடம். ஊட்டியிலிருந்து 25 கி.மீ.க்குச் சற்று மேல். உள்ளே வனத்துறை வண்டியில்தான் அழைத்துப் போவார்கள். அன்றிரவே ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது நெருக்கடி. மூன்றாவது நாள் இருந்தால் அதை அவலாஞ்சிக்கு வையுங்கள்.

புல்வெளி தூரத்தில் ஒரே பச்சை விரிப்பாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் ஒரு முழத்துக்குள் நாலைந்து வகைப் புல், தரையோடு ஒட்டிய சின்னப் பூக்கள், பூச்சி தின்னும் பனிப்பூண்டு கூட ஈர இடங்களில் கிடைக்கும். எழுந்து குட்டையாகப் பறந்து மீண்டும் புல்லில் இறங்கும் பழுப்புப் பறவை நெட்டைக்காலி. தரையிலேயே கூடு கட்டும். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பது அதன் முட்டைக்காகவும் தான். தனியாக ஓரிரண்டு மரம் முறுக்கிக்கொண்டு புல் நடுவே நின்றால் அது காட்டுப் பூவரசாக இருக்கும்; உறைபனியையும் தீயையும் தாங்கும் தடித்த பட்டை அதற்கு உண்டு, குளிர்காலத்தில் சிவப்பாகப் பூக்கும். ஓரங்களில் மஞ்சள் பூவோடு முள் புதர் கண்டால் அழகு என்று மயங்க வேண்டாம், அது ஐரோப்பாவிலிருந்து வந்து புல்லை அழிக்கும் கார்ஸ் செடி.

பள்ளத்தில் மிகப் பச்சையாக, சமமாக ஓர் இடம் தெரிந்தால் அது சதுப்பு. காலை வைத்தால் முழங்கால் வரை போகும், காலடித் தடமும் பல காலம் ஆறாது. சுற்றிப் போங்கள்.

வரையாடு பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 இருந்தன. ஆனால் சூட்டிங்மட்டத்தில் பார்க்க முடியாது, முக்குருத்தி போன்ற செங்குத்துப் பாறை விளிம்புகள்தான் அதன் இடம்.

வழியில் தோடர் பழங்குடியினரின் சிற்றூரான மந்து தெரிந்தால் தூரத்திலிருந்து பாருங்கள். அது அவர்கள் வீடு. கோயிலுக்குள் வெளியார் போகக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அவர்களுடைய எருமைகள் அறிமுகமில்லாதவரைக் கண்டால் முட்ட வரும்.

தவறு நேரும் இடங்கள்

மஞ்சு. புல்வெளியில் ஐந்தே நிமிடத்தில் மூடும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அப்போது நடப்பதுதான் தவறு. எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், கம்பளியைப் போடுங்கள், கால் மணி நேரம் பொறுங்கள், பெரும்பாலும் விலகும். கண்ணில் படும் ஒற்றையடித் தடத்தை நம்பி இறங்காதீர்கள். மாட்டுத் தடம் சரிவோடு ஒட்டி ஓடி, கடைசியில் சோலைக்குள் புகுந்து மறைந்துவிடும். ஓடையைப் பிடித்து இறங்குவது இன்னும் மோசம், அது அருவியில் முடியும். வழி தவறினால் மூன்று முறை விசில் ஊதி, இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள்.

காட்டுமாடு. பார்க்கச் சாதுவாக மேயும். ஐம்பது மீட்டராவது இடைவெளி விடுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். தலையை உயர்த்தி மூக்கால் சீறினாலோ பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டினாலோ அது எச்சரிக்கை. முகத்தை அதன் பக்கமே வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். கரடிக்கு வேறு முறை: வளைவு திரும்பும் முன்பு பேசிக்கொண்டோ கம்பைத் தட்டிக்கொண்டோ போங்கள், எதிர்பாராமல் நேருக்கு நேர் வந்தால்தான் அது பெரும்பாலும் தாக்கும். பலாப்பழக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலைக்கு வரும். அந்தச் சாலையில் இருட்டிய பின் இருசக்கர வண்டி வேண்டாம்.

அட்டை. கடித்துக்கொண்டிருப்பதை நெருப்பாலோ உப்பாலோ விரட்டாதீர்கள், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசிவது இயல்புதான். சோப்பால் கழுவி அழுத்திக் கட்டுங்கள். உப்பைக் காலுறை மேல் முன்கூட்டியே தடவி வைப்பதில் தவறில்லை, மழையில் கரைந்துவிடும் அவ்வளவுதான்.

நேரம். எங்கே இருந்தாலும் பிற்பகல் 3:30க்குத் திரும்ப ஆரம்பியுங்கள். ஞாயிறன்று ஊட்டியிலிருந்து 3 மணிக்குப் பேருந்து ஏறுவது நல்லது. விடுமுறை முடியும் மாலைகளில் குன்னூர் சாலையில் வண்டிகள் நகரவே நகராது. இரவு ரயிலைத் தவறவிடுகிறவர்கள் அங்கேதான் தவறவிடுகிறார்கள்.

வீடு திரும்பியதும்

அன்றே குளித்து அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். துணிகளை வெந்நீரில் ஊறவையுங்கள். காலணி அடியிலும் காலுறை மடிப்பிலும் ஒட்டிய விதைகளைச் சீவி எடுத்துக் குப்பையில் போடுங்கள், செடித் தொட்டியில் தட்டாதீர்கள். அடுத்த மலைக்கு உன்னிச்செடியும் கார்ஸும் இப்படித்தான் பயணம் போகின்றன. மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலோ, உடம்பில் எங்காவது கறுத்த பொருக்குப் புண்ணோ வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புதர்ச் சிற்றுண்ணியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையே மருந்து. டெங்கு, டைஃபாய்டு என்று சோதனைகளில் நாள் போகாமல் அதைச் சீக்கிரம் தொடங்க வேண்டும்.